உள்ளே எத்தனை பேர்

புதிதாகத் திறந்த வாட்டர் பார்க்கில் கண்டக்டருக்குக் கிடைத்தது கட்டைவிரல் வேலை. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஆள் ஒருவர் கேட்டைத் தாண்டினால் ஒரு அமுக்கு. அமுக்கினால் தலைக்கு மேலே தொங்கும் பலகையில் சிவப்பு எழுத்தில் ஓர் எண் கூடும். அந்தப் பக்கம், வெளியே போகிற கேட்டில், டெய்லர் அக்கா இதேபோல ஒரு மெஷினோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். அவள் அமுக்கினால் ஓர் எண் குறையும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மூவாயிரத்தைத் தொட்டால் கேட்டைச் சாத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர் வெளியே போனால்தான் ஒருவர் உள்ளே. இந்த அமுக்கலுக்கு ஒரு மாதம் பயிற்சி வேறு கொடுத்தார்கள்.

இருபத்தொன்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஆள் எண்ணியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று முதல் நாளே சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது, அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பார்க் திறந்து பதினாலாவது நாள். கண்டக்டர் விடியற்காலையிலேயே எழுந்து சமையலில் இறங்கிவிட்டார். சோறு வடித்தார். உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி முறுகலாக வறுத்தார். ஆறு முட்டை அவித்து, உரித்து, ஒன்று பிய்ந்துபோனதால் அதைத் தான் தின்றுவிட்டு இன்னொன்று அவித்தார். "அஞ்சு வெச்சா நல்லா இருக்காது" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். இப்படிப் பேசுகிற பழக்கம் இரண்டு வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தால்கூட "கொஞ்சம் குறைக்கறேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டுத்தான் குறைப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளுக்குப் பிரசவம் என்று அவர் மனைவி கிளம்பிப் போனாள். நான்கு மணி நேரப் பயணம். மூன்று மாதத்தில் வருவதாகத்தான் பேச்சு. மூன்று ஆறானது, குழந்தைக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, மகள் மறுபடி வேலைக்குப் போனாள். அவர் ஓய்வு பெறப் போகிற நேரத்தில் மனைவியே போன் செய்து, "நீங்க ரிட்டயர் ஆயிட்டா நான் வந்துடறேங்க, இங்க குழந்தைய விட ஒரு இடம் பார்த்தாச்சு" என்றாள். அவரும் வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டார். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்தார். சமையலறைப் பலகையை அவள் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கினார். ஆனால் அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

போன் போட்டால், "இருங்க, குட்டி பேசறா" என்று பேத்தியின் காதில் போனை வைத்துவிடுவாள். குழந்தை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வரும். கண்டக்டர் அதையே ஐந்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்றைக்கு அவள் வருகிறாள். மருமகன் ஆபீஸில் எல்லோரும் குடும்பத்தோடு ஒரு பஸ் பிடித்து வாட்டர் பார்க்குக்கு வருகிறார்கள். காலை பத்தரைக்கு வந்து சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்புகிற ஏற்பாடு. "வீட்டுக்கு வர நேரம் இருக்காதுங்க, பஸ்ஸு நாப்பத்தி நாலு பேரோடது" என்று போனில் சொல்லிவிட்டாள். கட்டின மனைவியைப் பார்க்கக் கேட்டில்தான் நிற்க வேண்டும் என்றால் நின்றுவிட்டுப் போகிறேன் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார். ஒன்றரை மணிக்கு அவருக்கு அரை மணி நேரம் இடைவேளை. பார்க்கிங் பக்கத்துத் தகரக் கொட்டகையில் அவளை உட்கார வைத்துச் சாப்பாட்டைப் பிரித்து, எப்ப வர்ற என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவது. குளிக்கும்போது அந்த இரண்டு வார்த்தையை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

பார்க் வாசலில் ஒன்பது மணிக்கே எள் போட்டால் எள் விழாத கூட்டம். வெயில் அதற்குள் சூடேறிவிட்டிருந்தது. பணம் கட்டியவர்களுக்குக் கைப்பட்டை கட்டி அனுப்புவார்கள். கைப்பட்டையைப் பார்த்து, ஓர் அமுக்கு அமுக்கி, கண்டக்டர் உள்ளே விடுவார். மூன்றடிக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, கைப்பட்டையும் இல்லை. அதற்கென்று சுவரில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட அளவுகோல் ஒன்று உண்டு. மூன்றடிக்கு ஒரு விரற்கடை கூடுதலாக இருக்கிற பிள்ளைகளை முட்டியை மடக்கி நிற்கச் சொல்கிற அப்பாக்களும் உண்டு.

"நேரா நில்லு கண்ணு" என்பார் கண்டக்டர்.

"அவன் எப்பவும் அப்படித்தாங்க நிப்பான்" என்பார் அப்பா.

"உள்ள போய்ச் சறுக்குல ஏறணும்னா மட்டும் நிமிர்ந்துக்குவானா?"

வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அப்பாவும் சிரித்துக்கொண்டே போய்க் கைப்பட்டை வாங்குவார். கண்டக்டருக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். வீட்டில் பேசாத பேச்சையெல்லாம் இங்கே பேசித் தீர்த்துக்கொள்வார்.

பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. பஸ்ஸைக் காணோம். அவர் கண் பார்க்கிங்கிலும் விரல் மெஷினிலுமாக இருந்தது. இடையில் மகளிடமிருந்து போன் வந்தது. வழியில் டயர் போய்விட்டதாம், இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகுமாம்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த டெய்லர் அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். மாடிப்படிக்கு அடியில் தையல் கடை வைத்திருந்து, கண் மங்கி, கடையை மூடிவிட்டு இங்கே வந்தவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தினமும் திட்டுதான். பார்க் மூடி, கடைசி ஆளும் வெளியே போன பிறகு பலகை பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒருநாளும் நின்றதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

"நேத்து மைனஸ் ஐநூத்திப் பத்து அண்ணே" என்றாள். "உள்ள வந்தவங்களவிட வெளிய போனவங்க அதிகமாம். 'என்னம்மா, உள்ளயே பிரசவம் ஆகுதா'ன்னு எல்லாரு முன்னாடியும் கேக்கறாரு சூப்பர்வைசர். நான் ஒரு தலைக்கு ரெண்டு தடவ அமுக்கறனாம். என் கண்ணுதான் சரியில்ல, விரலுமா சரியில்ல?"

"மெஷின் கோளாறா இருக்கும்மா" என்றார் கண்டக்டர்.

"மூணு மெஷின் மாத்தியாச்சு அண்ணே. இன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா நாளைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாரு."

அவளுக்காக அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் கண் மறுபடி பார்க்கிங்குக்குப் போய்விட்டது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கப்பல்காரர் ஓடிவந்தார். குளங்களுக்குக் காவல் நிற்கிற ஆட்களுக்குத் தலைவர். இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. சூப்பர்வைசரும் பின்னாலேயே வந்தார்.

"கேட்ட மூடு" என்றார் கப்பல்காரர். "குட்டிக் குளத்துல தண்ணியே தெரியல. தலைதான் தெரியுது. இப்ப ஒரு சின்னப் பொண்ணு காலுக்கடியில போயிடுச்சு. மிதிக்கறோம்னு யாருக்கும் தெரியல. நான் பாத்துத் தூக்கினேன்."

"எப்படி இருக்கு?" என்றார் கண்டக்டர்.

"வாந்தி எடுத்துச்சு. அழுதுச்சு. அழுததுனால ஒண்ணும் இல்ல. உள்ள மூவாயிரத்துக்கு மேல இருக்கு கண்டக்டர்."

சூப்பர்வைசர் பலகையைக் காட்டினார். இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது. "இன்னும் இருநூத்தி நாப்பது பேருக்கு இடம் இருக்கு. கணக்கு சரியாத்தான இருக்கு?"

"கணக்கு இருக்கட்டும். வந்து பாருங்க சார்."

இவர்கள் பேசுகிற நேரத்தில் ஒரு குடும்பம் கேட்டுக்குள் நுழைந்தது. புருஷன், பெண்டாட்டி, பெரிய பையன் ஒருவன். அவள் இடுப்பில் ஒன்று, அவன் தோளில் ஒன்று. கண்டக்டரின் கட்டைவிரல் மூன்று தடவை அமுங்கியது.

கப்பல்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் குழந்தைங்க?"

"எந்தக் குழந்தை?"

"இப்பப் போச்சே, ரெண்டு."

"அது மடிக்குழந்தைங்க. அதுக்கு டிக்கெட் கிடையாதே" என்றார் கண்டக்டர், சாதாரணமாக.

சூப்பர்வைசர் மெல்லக் கேட்டார். "முதல் நாள்லேருந்தே இப்படித்தானா கண்டக்டர் சார்?"

பயிற்சியில் தலையை எண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவரும் தலையைத்தான் எண்ணினார். ஆனால் இருபத்தொன்பது வருஷமாக அவருக்குத் தலை என்றால் டிக்கெட் வாங்கின தலை. மடியில் இருப்பது மடியோடு சேர்ந்தது. பஸ்ஸில் ஐம்பத்தைந்து பேர் என்றால் ஐம்பத்தைந்துதான், மடியில் பத்துக் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தாலும். இடுப்பில் இருக்கிற குழந்தையைக் கண் பார்க்கும், கன்னத்தைக் கிள்ளிக்கூட விடுவார், விரல் மட்டும் அசையாது. டெய்லர் அக்காவோ துணி எண்ணுகிற மாதிரி, கையில் இருப்பதோ காலில் நடப்பதோ, வெளியே போகிற எல்லாவற்றுக்கும் ஓர் அமுக்கு அமுக்கினாள். அவள் கணக்குத்தான் சரி. பதினாலு நாளாக அவள் வாங்கின திட்டெல்லாம் இவருக்கு வந்திருக்க வேண்டியது.

உள்ளே அறுநூறு எழுநூறு பேர் கூடுதலாக இருப்பார்கள் என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டார். எழுநூறு பேர் வெளியே போகிறவரை ஒரு ஈகூட உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, கப்பல்காரரோடு உள்ளே ஓடினார். கண்டக்டர் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினார். முகம் தெரியாத அந்தக் குழந்தை காலடியில் கிடப்பது கண் முன்னாலேயே நின்றது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் வந்தது.

நாற்பத்து நாலு பேரும் தொப்பியும் துண்டுமாகக் குதித்து இறங்கினார்கள். மருமகன் முன்னால் நடந்து வந்தார். மாமனார் கேட்டில் இருக்கிறார், சுளுவாகப் போய்விடலாம் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

"மாமா, நல்லா இருக்கீங்களா? என்ன, கேட்டச் சாத்திட்டீங்க?"

"வாங்க மாப்பிள்ளை. உள்ள கூட்டம் அதிகமாயிடுச்சு. கொஞ்ச நேரம் யாரையும் விடமுடியாது."

"புக் பண்ணிட்டுத்தான வந்திருக்கோம்?"

"எல்லாருமே புக் பண்ணவங்கதான். ரெண்டு மணி நேரம் ஆகும்."

மருமகன் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ரெண்டு கெஸ்ட் பாஸ் இருக்குன்னு சொன்னீங்களே மாமா. ஸ்டாஃப் வழியா நாங்களாவது போயிடறோம். குட்டிக்குத்தான் பாஸே வேணாமே."

அந்தக் கடைசி வார்த்தை கண்டக்டரைச் சுட்டது. "இப்பத்தான் ஒரு குழந்தை தண்ணி குடிச்சு எழுந்திருக்கு மாப்பிள்ளை. என்னாலதான். உங்களயும் விடமாட்டேன்."

"உங்களாலயா? நீங்க கேட்டுலதான இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மருமகன் திரும்பிப் போய் ஆட்களைச் சமாதானம் செய்யத் தொடங்கினார். மகள், "என்னப்பா இது, நாலு மணி நேரம் வந்திருக்கோம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு தகரக் கொட்டகை நிழலுக்குப் போனாள். பேத்தி தாத்தாவைப் பார்த்த பார்வையில் முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பயம்தான் இருந்தது.

மனைவி மட்டும் போகவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், சுவரின் ஒரு சாண் நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றாள். தலை நரைத்திருந்தது. இடது தோளில் பெரிய பை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"உனக்குத்தான் கொண்டாந்தேன். இரு."

அவர் ஓடிப்போய்ச் சாப்பாட்டு அடுக்கை எடுத்துவந்தார். அடுக்கு கம்பிக்கிடையில் நுழையவில்லை. ஒவ்வொரு டப்பாவாகக் கழற்றிப் பார்த்தார், அதுவும் நுழையவில்லை. கடைசியில் டப்பாவை அவர் இந்தப் பக்கம் ஏந்திப் பிடிக்க, அவள் கம்பிக்கிடையில் கையை விட்டு எடுத்துச் சாப்பிட்டாள். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

"வறுவல்ல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

"ருசி பாக்காமப் போட்டுட்டேன்."

"முட்டை ஆறா? யாருக்கு இவ்வளவு?"

"அஞ்சு வெச்சா நல்லா இருக்காதுன்னு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். இரண்டு வருஷத்தில் அவருக்குப் பதில் வந்த முதல் சமையல் பேச்சு அது. இப்போதே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "எப்ப வர்ற?"

அவள் கையை உதறிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். "ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

"குழந்தைய வெச்சுக்கிட்டு நீ எப்படி வருவேன்னுதான் கேக்கல."

"இடம் பார்த்தாச்சுன்னு அன்னிக்கே சொன்னேனே. குழந்தை எப்பவோ விளையாட்டுப் பள்ளிக்குப் போயாச்சு. காலைல போனா சாயங்காலம்தான் வருது. நான் ஹால்ல உக்காந்திருக்கேன். அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க. டிவி போட்டா எனக்குத் தலைவலி. ஹால்லதான் படுக்கறதும். காலைல அவங்க எழுந்திரிக்கறதுக்குள்ள பாயச் சுருட்டிடணும்."

கண்டக்டருக்கு இது புதுச் செய்தி. மகள் வீட்டில் கலகலப்பாக இருக்கிறாள் என்று நினைத்துத்தான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார். "அப்ப ஏன் வரல?"

"நீங்கதான் வேலைல சேர்ந்துட்டீங்களே."

"அது... நீ வர்ற வரைக்கும்னு சேர்ந்தேன். ரிட்டயர் ஆகி அஞ்சு வாரம் வீட்டுல தனியா உக்காந்திருந்தேன். சுவத்தப் பாத்துக்கிட்டு. என்னால முடியல."

"அஞ்சு வாரம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் அந்தச் சுவத்த எத்தன வருஷம் பாத்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? காலைல நாலு மணிக்குப் போவீங்க, வரும்போது பொண்ணு தூங்கியிருப்பா. லீவு நாள்ல ஆள் இல்லைன்னு கூப்பிடுவாங்க, ஓடுவீங்க. பொண்ணு பொறந்தப்ப நீங்க இல்ல. எங்கம்மா செத்தப்ப மறுநாள்தான் வந்தீங்க. நான் ஒண்ணும் சொன்னதில்ல. ரிட்டயர் ஆகட்டும், ரிட்டயர் ஆகட்டும்னு இருந்தேன். பொட்டி கட்டி வெச்சிருந்தேங்க. அன்னிக்குப் போன்ல சொல்றீங்க, பார்க்குல வேலை கெடச்சிருக்கு, காலைல எட்டுலேருந்து சாயங்காலம் அஞ்சு, ஞாயிறும் லீவு கிடையாதுன்னு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லைதான். 'சரிங்க' என்று அவள் சொன்னதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"பொட்டியப் பிரிச்சு வெச்சுட்டேன்" என்றாள். "அங்க இருந்தா தனியா இருக்கேன்னாவது சொல்லிக்கலாம். உங்க வீட்டுல இருந்துகிட்டுத் தனியா இருந்தா அத யார்கிட்டச் சொல்றது?"

வெயில் அவள் நிழலைத் தின்றுவிட்டிருந்தது. அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கம்பிக்கிடையில் மடித்துக் கொடுத்தார். பார்க்கின் பெயர் போட்ட நீலத் தொப்பி. அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் பெரிது.

"வேலைய விட்டுடறேன்" என்றார்.

"இதயும் நிறைய தடவ கேட்டாச்சு."

"இல்ல. இன்னிக்கே."

அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "பஸ் அஞ்சரைக்குக் கிளம்புது. துணி எல்லாம் இந்தப் பையிலதான் இருக்கு. வேலைய விட்டுட்டேன்னு வந்து சொல்லுங்க, நான் இறங்கி உங்ககூட வந்துடறேன். சொல்லலன்னா நான் அவங்களோட போறேன். இனிமே இத வெச்சுப் பேசவேணாம்."

அப்போதே சாவியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் வெளியே வந்திருக்கலாம். ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் ஐந்நூறு பேர், கை தளர்ந்தால் கேட்டைத் தள்ளிவிடுகிற நிலையில் இருந்தார்கள். அவர் செய்த தப்பு அவர் கையாலேயே சரியாகட்டும் என்றும் இருந்தது. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. வீட்டில் முட்டை தீர்ந்துவிட்டது, ராத்திரிக்கு என்ன செய்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

மூன்று மணிக்குக் கேட்டைத் திறந்தார்கள். ஐம்பது ஐம்பது பேராக விடச் சொன்னார் சூப்பர்வைசர். கண்டக்டர் ஒவ்வொரு தலைக்கும் அமுக்கினார். துணிக்குள் சுருண்டு தூங்குகிற கைக்குழந்தைக்குக்கூட "இது ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லி அமுக்கினார். மருமகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று. மனைவி தாண்டும்போது அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவதைப் பார்த்தார். தொப்பியோடுதான் போனாள்.

ஐந்து மணிக்குக் கேட்டை அடுத்த ஆளிடம் ஒப்படைத்தார். வழியில் டெய்லர் அக்காவின் ஸ்டூலுக்கு எதிரே நின்றார்.

"என்னை மன்னிச்சிடும்மா. என் தப்புக்கு நீ திட்டு வாங்கினே."

அவள் அமுக்கிக்கொண்டே பேசினாள். "பதினாலு நாள் வீட்டுக்குப் போய்ச் சோறு எறங்கல அண்ணே. கண்ணு போனா கூடவே புத்தியும் போயிடுமோன்னு பயந்துட்டேன்." பிறகு, "போங்க, ஆபீஸ்ல உங்களத் தேடினாங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தகும் என்று நினைத்தார்.

ஆபீஸ் அறை குளுகுளு என்று இருந்தது. சூப்பர்வைசரின் மூக்கு வெயிலில் தோலுரிந்திருந்தது.

"உக்காருங்க கண்டக்டர் சார்."

"இல்ல சார், நான் ஒரு விஷயம்..."

"உக்காருங்க. நானே சொல்லிடறேன்." அவர் மேஜையைப் பார்த்துப் பேசினார். "மேலருந்து போன் வந்துச்சு. அந்தக் குழந்தையோட அப்பா புகார் கொடுத்திருக்காரு. நீங்க நல்ல மனுஷன்தான், எனக்குத் தெரியும். ஆனா நாளைலேருந்து வரவேணாம் சார்."

கண்டக்டர் வாயைத் திறந்தார். நானே விடத்தான் வந்தேன் என்பது நாக்கு நுனியில் இருந்தது. வந்தது வேறு.

"சார், இனிமே தப்பு வராது சார். ஒரு வாரம் பாருங்க. கேட்டு வேணாம்னா பார்க்கிங்ல போடுங்க. துடைக்கற வேலையா இருந்தாலும் பரவால்ல. எங்கயாவது போடுங்க சார்."

அந்தக் குளிர்ந்த அறையில் தன் குரல் கெஞ்சுவதை அவரே கேட்டார். சூப்பர்வைசர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

வெளியே வந்தபோது மணி ஐந்தே கால். பார்க்கிங்கில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒன்றுக்கொன்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. அவர் வண்டிகளுக்கிடையில் வேகமாக நடந்தார். எப்படிப் போனால் என்ன, வேலை போய்விட்டது, அவள் கேட்டது அதுதானே என்று நடக்க நடக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பஸ்ஸை நெருங்கும்போது அது உண்மை போலவே ஆகிவிட்டது. முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது.

மனைவி முன் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கினாள். பின்னால் மகள், "அம்மா, எங்க போறே?" என்றாள்.

"வேலை முடிஞ்சுது" என்றார் கண்டக்டர்.

"விட்டுட்டீங்களா?"

தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அவள் இன்னும் இரண்டு படி இறங்கினால் தரை. இருவரும் இருபது நிமிஷத்தில் வீட்டில் இருப்பார்கள். அவர் அவளிடம் எத்தனையோ சொல்லாமல் இருந்திருக்கிறார், பொய் மட்டும் சொன்னதில்லை. இன்றைக்கு அவள் முகம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அதைச் செய்ய அவருக்கு வரவில்லை.

"இல்ல" என்றார். "அவங்களே வரவேணாம்னுட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பார்க்கிங்லயாவது போடுங்கன்னு கேட்டேன்."

அவள் அந்தப் படியிலேயே நின்றாள். முழங்கால் வலிக்கிறபோது நிற்கிற மாதிரி ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க" என்றாள். ஒரு படி மேலே ஏறினாள். சீட்டில் உட்கார்ந்து பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் படியில் கால் வைக்கப் போனார், மருமகனும் இன்னும் நாலு பேரும் ஐஸ்கிரீமோடு ஓடிவந்து அவரைத் தாண்டி ஏறினார்கள். ஆள் சரியாக இருக்கிறதா என்று யாரோ எண்ணினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

பஸ் நகர முடியவில்லை. முன்னால் ஒரு வேன், பின்னால் இரண்டு கார். டிரைவர் ஹாரன் அடித்தார், கண்ணாடியில் பார்த்தார், வாயில் வந்ததைத் திட்டினார். கிளீனர் யாரும் இல்லை. கண்டக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். பின்னால் நின்ற கார்க்காரரைக் கையைக் காட்டி ஒதுங்கச் சொன்னார். "வரலாம், வரலாம், வரலாம். இடது ஒடிங்க. இன்னும். போதும்." வண்டி பின்னால் வந்து, திரும்பி, முன்பக்கம் வழிக்கு நேரானது. ஜன்னலோரம் அவள் இருந்த பக்கம் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வழி சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார். உள்ளங்கையால் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்" என்றார்.

டிரைவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.